1976க்கு முன்னால் பாட்டுப் பஞ்சமா? எழுபதுகளின் நடுவே நெல்லைச் சீமை கேட்டவை

பொருநைக்கரை எழுதியது:

எழுபதுகளின் நடுப்பகுதித் தமிழ்த் திரையிசையைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் களைத்துப் போயிருந்தார், கே.வி.மகாதேவனின் காலம் முடிந்திருந்தது, தெருவெல்லாம் இந்திப் பாட்டு ஒலித்தது, 1976 மே 14 அன்று ‘அன்னக்கிளி’ வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்பதே அந்தக் கதை. இளையராஜாவின் வருகையைச் சிறியதாக்குவது என் நோக்கமன்று. அந்த வருகையைப் பெரியதாகக் காட்டுவதற்காக அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகளை வெறும் பொட்டலாகச் சித்திரிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

1975இல் நான் சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் என் காதில் விழுந்தவற்றை மட்டும் நினைவிலிருந்து எழுதுகிறேன். ‘அவள் ஒரு தொடர்கதை’யில் ஜேசுதாஸ் பாடிய ‘தெய்வம் தந்த வீடு’, ‘உரிமைக்குரல்’ படத்தின் ‘விழியே கதை எழுது’, ‘தங்கப்பதக்கம்’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ‘சோதனை மேல் சோதனை’ ஆகிய மூன்றும் 1974க்கு உரியவை. ‘அபூர்வ ராகங்கள்’, ‘இதயக்கனி’, ‘பல்லாண்டு வாழ்க’, விஜயபாஸ்கர் இசையில் ‘சம்சாரம் என்பது வீணை’ என்ற பாட்டு வந்த ‘மயங்குகிறாள் ஒரு மாது’ ஆகியவை 1975க்கு உரியவை. இதைப் பஞ்சகாலம் என்றால், நிறைந்த விளைச்சல் எப்படி இருக்கும் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

ஜங்ஷன்காரன் எழுதியது:

அண்ணாச்சி சொல்லும் பாட்டுகளை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆற்றங்கரைக் கிராமத்தில் இருந்துகொண்டு, நகரத்தில் இந்திப் பாட்டு ஒலிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நான் அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவன். 1969இல் வந்த ‘ஆராதனா’வில் தொடங்கிய மோகம் 1973இல் ‘பாபி’, ‘யாதோங்கி பாராத்’ என்ற இரண்டு படங்களோடு உச்சத்துக்குப் போனது. விடுதியில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் முழுப் பாட்டையும் தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன். கிதார் வைத்திருந்த ஒரே மாணவனுக்கு இருந்த மரியாதை விடுதிக் காப்பாளருக்கே இருந்ததில்லை.

‘யாதோங்கி பாராத்’ படத்தைத்தான் 1975இல் எம்.ஜி.ஆர். நடிக்க ‘நாளை நமதே’ என்று எடுத்தார்கள். பிரிந்த சகோதரர்களைச் சேர்த்துவைக்கும் குடும்பப் பாட்டு அந்தக் கதைக்கே உயிர் என்பதால், இந்தியில் நாடே பாடிய ஒரு மெட்டுக்கு ஈடாக விஸ்வநாதன் புதிதாக ஒன்றைப் போட வேண்டியிருந்தது. ‘அன்பு மலர்களே’ அப்படிப் பிறந்ததுதான். அது நல்ல பாட்டே. ஆயினும் எங்கள் விடுதியில் இந்தி மெட்டைத்தான் முணுமுணுத்தார்கள் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1976இல் ‘அன்னக்கிளி’யும், அதே ஆண்டில் இளையராஜா இசையில் வந்த ‘வசந்தகால நதிகளிலே’யும் கேட்ட பிறகுதான் அந்த நோட்டுப் புத்தகத்தை நாங்கள் மூடி வைத்தோம்.

பாளை ஆசிரியை எழுதியது:

ஒரு திருத்தம். ‘வசந்தகால நதிகளிலே’ இளையராஜாவின் பாட்டன்று. ‘மூன்று முடிச்சு’ படத்துக்கு இசை எம்.எஸ்.விஸ்வநாதன், பாட்டு கண்ணதாசன், பாடியவர்கள் ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும். ஒரு வரியின் கடைசிச் சொல் அடுத்த வரிக்கு முதற்சொல்லாக வரும் அந்தாதி அமைப்பில் முழுப் பாட்டும் செல்கிறது; இறுதியில் விஸ்வநாதனே குரல் கொடுத்து அந்த அந்தாதியைக் கதையின் கொடுமையான திருப்பத்துக்குள் இழுத்துச் செல்கிறார். ‘அன்னக்கிளி’ வந்து சில மாதங்களுக்குப் பிறகு வெளியான பாட்டு இது. நல்ல பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தால், 1976 என்ற ஆண்டைப் பார்த்தவுடன் அதை இளையராஜாவின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பொருநைக்கரை ஐயா குறிப்பிடும் கதை எப்படி உருவாகிறது என்பதற்குத் தங்கள் பதிவே சான்றாகிவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஜங்ஷன்காரன் எழுதியது:

ஐம்பது ஆண்டுகளாகத் தவறாகவே சொல்லிவந்திருக்கிறேன் போலிருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன், டீச்சர்.

உவரிக் கடல் எழுதியது:

நீங்கள் எல்லோரும் பாட்டைப் போட்டவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் கரையில் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்தது இலங்கை வானொலி. 1967இலேயே அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகிவிட்டது, 1972இல் நாட்டின் பெயரே ஸ்ரீலங்கா ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அது கடைசிவரை சிலோன் ரேடியோதான்.

உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் ஆகிய ஊர்களில் கொழும்பு நிலையம் உள்ளூர் நிலையம்போல் தெளிவாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மத்திய அலை வானொலி நிலத்தைக் காட்டிலும் உப்பு நீரின்மேல் வலுக்குறையாமல் வெகுதூரம் வரும். எங்களுக்கும் கொழும்புக்கும் இடையே பெரும்பகுதி கடல்தான். மேற்கே அம்பாசமுத்திரம், தென்காசி என்று உள்ளே போகப் போகச் சத்தம் ஏறி இறங்கும்; அங்கிருந்த எங்கள் உறவினர்கள் ஏரியல் கம்பியை வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள்.

நம் நாட்டு வானொலி 1950களில் திரைப்பாட்டை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்திருந்தது. அந்த இடைவெளியில்தான் இலங்கை வானொலி வீட்டுக்குள் வந்தது. 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பிறகும், 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்த பிறகும் அந்த இடத்தை அசைக்க முடியவில்லை. நெல்லை நிலையத்தில் வயலும் வாழ்வும் கேட்போம், மாநிலச் செய்தி கேட்போம், நாடகம் கேட்போம். பாட்டு என்றால் கை தானாகவே முள்ளை நகர்த்திவிடும்.

காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கும் இசை கேட்டுத்தான் எங்கள் அம்மா உலை வைப்பார். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் தமிழை, அவர்களின் முகம் ஒன்றையும் பார்க்காமலே, பெரியப்பா, அத்தை என்ற உறவு முறையில் நாங்கள் அறிந்திருந்தோம். பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயரையும், பாடியவரையும், எழுதியவரையும், இசையமைத்தவரையும் அவர்கள் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத என் சித்தப்பா, கட்டுமரத்தில் வலை பின்னிக்கொண்டே, இது வாலி, இது புலமைப்பித்தன் என்று பிரித்துச் சொல்வார் என்றால் அது அந்த அறிவிப்பாளர்களால் வந்த கல்வி. எங்களுக்குப் பஞ்சம் என்ற எண்ணமே வந்ததில்லை. புதுப்படப் பாட்டு குறைந்தால் அவர்கள் பழைய பாட்டைப் போடுவார்கள். 1961ஆம் ஆண்டுப் பாட்டும் 1975ஆம் ஆண்டுப் பாட்டும் ஒரே அரைமணியில் வரும். எது புதியது, எது பழையது என்று ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கும் பழக்கம் பின்னால் வந்தது.

செட்டுக்காரர் மகன் எழுதியது:

பல நாட்களாக வாசித்துவிட்டுப் போகிறவன், இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா நாங்குநேரிப் பக்கத்தில் ரேடியோ செட், அதாவது வாடகைக்குப் பாட்டுப் போடும் ஒலிபெருக்கி, வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் செட் போகும் என்றாலும், தொழில் நின்றது ஊர்ச் சாமிகளுக்கு எடுக்கும் கோயில் கொடை விழாக்களால்தான்.

கொடைக்குக் கால்நாட்டு முடிந்ததுமே ஊரின் உயரமான பனையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவோம். முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’, அடுத்து எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், அதற்குப் பிறகுதான் சினிமா. இந்த வரிசையை மாற்றினால் ஊர்ப் பெரியவர்கள் செட்டையே இறக்கச் சொல்லிவிடுவார்கள். சாமியை அழைக்கும் குடியழைப்பின்போதும் நள்ளிரவுச் சாமக்கொடையின்போதும் செட்டை நிறுத்திவிட வேண்டும். அந்த நேரம் வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் மேளத்துக்கும் உரியது. மற்ற நேரமெல்லாம் எங்கள் ஆட்சி.

இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். குழாய் எல்லாப் பாட்டையும் ஒரேபோல் பாடாது. கூம்பு வடிவக் குழாயில் கனத்த அடிச் சத்தம் வெளியே வரவே வராது. நடுத்தரமும் மேல் சத்தமும்தான் இரண்டு மைலுக்குப் போகும். ஆகவே எந்தப் பாட்டு ஊரில் எடுபடும் என்பதைப் பாட்டின் தரம் மட்டும் தீர்மானிக்கவில்லை. டி.எம்.எஸ்., சீர்காழி, ஈஸ்வரி ஆகியோரின் வெண்கலக் குரல்கள் வயல்வெளி தாண்டிப் போய்ச் சேரும். மென்மையாகப் பாடிய பாட்டுகளும், வாத்திய அடுக்கில் நுணுக்கம் செய்த பாட்டுகளும் பனையடியிலேயே நின்றுவிடும். ஜேசுதாஸ் குரலை அப்பா விரும்பினார். ஆனால் ‘காத்துல கரைஞ்சு போகுது’ என்று சொல்லிப் பகல் நேரத்தில் போட மாட்டார். இந்திப் பாட்டு இசைத்தட்டுகள் எங்களிடம் இரண்டோ மூன்றோ இருந்தன. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வந்து கேட்டால் போடுவோம், பாட்டு முடிவதற்குள் ஒரு தாத்தா வந்து ‘நம்ம பாட்டைப் போடுடே’ என்பார். ஜங்ஷன்காரன் அண்ணாச்சி சொல்லும் இந்தி அலை நாங்குநேரிக் குளத்தைத் தாண்டவில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மற்றொன்று தட்டின் கணக்கு. பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். தட்டுக்குத் தட்டு முள்ளை மாற்ற வேண்டும். செட்டுக்காரன் ஒன்றுக்கு இருக்கக்கூட எழுந்திருக்க முடியாது. எழுபதுகளின் நடுவில் புதிதாக அவை வருவது நின்று, 45 சுற்றுச் சிறு தட்டுகள்தான் வந்தன. ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டுகள்கூட இருக்கும். அப்பாவுக்கு டீ குடிக்க நேரம் கிடைத்தது. அதே நேரத்தில், ஒரு நல்ல பாட்டோடு சுமாரான பாட்டு ஒன்றும் சேர்ந்தே ஒலித்து ஊருக்குப் பழகிப்போனது. இன்று மக்கள் ‘மறந்துபோன முத்துகள்’ என்று கொண்டாடும் சில பாட்டுகள் எங்கள் பக்கத்தில் மறக்கப்படாமல் இருப்பதற்கு அப்பா குடித்த டீயும் ஒரு காரணம்.

மேலப்பாளையம் வாசி எழுதியது:

எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் முதல் தட்டு நாகூர் ஹனீபாவுடையது. அதே குரல் அடுத்த வாரம் தி.மு.க. மேடையில் உதயசூரியனைப் பாடும். குழாய்க்கென்றே பிறந்த குரல் என்று செட்டுக்காரர் மகன் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். திரைப்பாட்டு மட்டுமே அந்தக் காலத்தின் மக்கள் இசை என்று பேசிக்கொண்டு போகிறோம். அதற்காகத்தான் இந்த வரி.

பாளை ஆசிரியை எழுதியது:

செட்டுக்காரர் மகன் எழுதியதைப் படித்தபின் என் கருத்தைச் சற்று மாற்றிக்கொண்டேன். நான் வீட்டில் பாட்டுப் படித்தவள். எங்கள் வீட்டில் ‘அபூர்வ ராகங்கள்’ பெரிய நிகழ்ச்சி. ‘அதிசய ராகம்’ மகதி என்ற ராகத்தில் அமைந்தது. பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய அந்த ராகத்தில் நான்கே சுரங்கள். நான்கு சுரத்துக்குள் ஒரு சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு, கதாநாயகியின் பெயரான பைரவி வருமிடத்தில் பைரவி ராகத்துக்குத் தாவுகிறார் விஸ்வநாதன். ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பந்துவராளியில் தொடங்கி ரஞ்சனி, சிந்துபைரவி, காம்போதி என்று போகிறது. அதைப் பாடியதற்காக வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது கிடைத்தது. களைத்துப்போன மனிதர் செய்யும் வேலையா இது?

இந்தி, தமிழ் என்று இரண்டு முகாம்களாகப் பிரிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. வாணி ஜெயராம் வேலூரில் பிறந்தவர். அவரை நாடறியச் செய்தது 1971இல் வந்த ‘குட்டி’ என்ற இந்திப் படம். அதன் பிறகுதான் 1974இல் ‘தீர்க்க சுமங்கலி’யின் ‘மல்லிகை என் மன்னன் மயங்கும்’ மூலமாக நம் வீடுகளுக்கு வந்தார். ‘அன்னக்கிளி’ வந்த 1976இலேயே ‘சித்சோர்’ படத்தில் ஜேசுதாஸ் பாடிய பாட்டுகளை வடநாடு கொண்டாடியது. காற்று இரண்டு பக்கமும் அடித்திருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து கேட்கும் பாட்டுகள். மகதியின் நான்கு சுரம் பனைமரக் குழாயில் என்ன ஆகியிருக்கும் என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை.

கரிசல்காட்டான் எழுதியது:

‘அன்னக்கிளி’ கிராமத்து இசையைச் சினிமாவுக்குள் கொண்டுவந்தது என்கிறார்கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் எங்களுக்கு அதில் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. ‘சுத்தச் சம்பா’ என்று நெல் குத்தும் பாட்டைக் கேட்டபோது என் பாட்டி, ‘இது ஆத்துப் பாசனத்துக்காரிக பாட்டு, நமக்குக் கம்பும் குதிரைவாலியும்தானே’ என்றாள். எந்தக் கிராமம் என்று கேட்காமல் கிராமம் என்று சொல்லிவிட முடியாது.

நாட்டுப்புற மெட்டு சினிமாவுக்கு 1976இல்தான் வந்தது என்பதும் சரியன்று. 1957இல் ‘மக்களைப் பெற்ற மகராசி’க்கு மருதகாசி எழுதி, நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலைச் சேர்ந்த கே.வி.மகாதேவன் மெட்டமைத்த ‘மணப்பாறை மாடு கட்டி’யை எங்கள் அப்பா உழவடிக்கும்போது பாடியிருக்கிறார். அதே படத்துப் பாட்டை வில்லுப்பாட்டுக்காரர்கள் எடுத்து, மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றி, சுடலைமாடன் கதைக்கு நடுவே பாடியதையும் கேட்டிருக்கிறேன். வில்லு, குடம், உடுக்கை, கட்டை எல்லாம் சேர்ந்து அந்த மெட்டைத் தங்கள் சொத்தாகவே ஆக்கிக்கொண்டன. சினிமா எங்களிடமிருந்து எடுத்தது என்று பேசுகிறவர்கள், நாங்கள் சினிமாவிடமிருந்து எடுத்ததைப் பேசுவதில்லை.

அப்படியென்றால் ‘அன்னக்கிளி’யில் புதியது எது? என் கணிப்பில் அது ஜானகியின் குரல். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் நம் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்துக்கு ஈடுகொடுத்து ‘சிங்காரவேலனே தேவா’ பாடிய அதே ஜானகிதான் ‘மச்சானைப் பார்த்தீங்களா’ பாடினார். நாகஸ்வரத்தோடு போட்டி போட்ட குரலுக்குக் குழாய் ஒரு பொருட்டா? செட்டுக்காரர் மகன் சொன்ன சோதனையில் அந்தப் பாட்டு முதல் நாளே தேறிவிட்டது. வயலின்களின் அடுக்கும் மற்ற நுணுக்கங்களும் எங்களுக்குப் பின்னால், வீட்டுக்கு டேப் ரிக்கார்டர் வந்த பிறகுதான் கேட்டன. ஆக, 1976இல் கரிசல் கேட்ட இளையராஜா பாதி இளையராஜாதான்.

ஜங்ஷன்காரன் எழுதியது:

எனக்கும் ஒன்று தோன்றுகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத் தொடக்கத்தில், கிஷோர் குமார் அரசு சொன்னபடி பாட மறுத்தார் என்பதற்காக அவருடைய பாட்டுகளை அகில இந்திய வானொலியும் விவித பாரதியும் ஒலிபரப்பாமல் நிறுத்தின. அதே மாதம் 14ஆம் தேதி ‘அன்னக்கிளி’ வெளியானது. எங்கள் விடுதியில் இந்திப் பாட்டு ஓய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு சந்தேகப்படுகிறேன்.

உவரிக் கடல் எழுதியது:

அண்ணாச்சி, கொழும்பில் கிஷோருக்குத் தடை இல்லை. உங்கள் விடுதிக்காரர்கள் முள்ளைத் திருப்பியிருந்தால் இலங்கையின் இந்திச் சேவையில் நாள் முழுவதும் கேட்டிருக்கலாம். திருப்பவில்லை என்றால் அவர்களுக்கே அலுத்துவிட்டது என்றுதான் பொருள்.

பொருநைக்கரை எழுதியது:

தொடங்கியபோது இருந்த வாதம் இப்போது என்னிடம் இல்லை. பாட்டுகளின் பட்டியலைக் காட்டிப் பஞ்சம் இல்லை என்று நிறுவிவிடலாம் என நினைத்தேன். விடுதியில் ஒரு 1975, உவரிக் கரையில் வேறொரு 1975, நாங்குநேரிப் பனையடியில் மூன்றாவது ஒன்று, டீச்சர் வீட்டு அறைக்குள் நான்காவது ஒன்று இருந்திருக்கின்றன என்பதை நீங்கள் காட்டிவிட்டீர்கள். பஞ்சக் கதையை எழுதியவர்கள் விடுதியில் இருந்தவர்கள். பின்னாளில் பத்திரிகைக்கும் பட்டணத்துக்கும் போனவர்களும் அவர்களே. அதனால் அவர்கள் கேட்டது வரலாறாகிவிட்டது. இதில் ஜங்ஷன்காரனை நான் குறை சொல்லவில்லை, அவர் நோட்டுப் புத்தகத்தை மூடியதை ஒப்புக்கொண்ட பெருந்தன்மைக்காரர்.

‘அன்னக்கிளி’யைப் பற்றியும் ஒரு வரி. அந்தப் படத்திலேயே தலைப்புப் பாட்டின் சோக வடிவத்தை டி.எம்.எஸ். பாடியிருக்கிறார். பழைய காலம் முடிந்த நாள் என்று நாம் குறிக்கும் அதே தட்டில் பழைய காலத்தின் குரலும் இருக்கிறது. அதைக் குழாயில் கேட்டபோது எங்கள் ஊரில் யாரும் ஒரு யுகம் மாறியதாக நினைக்கவில்லை. ‘புதுசா ஒரு பையன் நல்லாப் போட்டிருக்கான்’ என்றார்கள், அவ்வளவுதான். செட்டுக்காரர் மகனிடம் ஒரு கேள்வி: உங்கள் அப்பா தட்டு வாங்கிய கணக்கு எழுதி வைத்திருந்தாரா?

செட்டுக்காரர் மகன் எழுதியது:

எழுதி வைத்திருந்தார், அண்ணாச்சி. பரணிலிருந்து நேற்று இறக்கினேன். பாதி செல்லரித்துவிட்டது. 1976 ஆவணிக் கொடைக்கு முன்னால், டவுணில் வாங்கியதாக ஒரே நாளில் இரண்டு வரிகள் இருக்கின்றன. முதல் வரி ‘அன்னக்கிளி, புதுசு’. அதற்குக் கீழே ‘தங்கப்பதக்கம், பழசு தேஞ்சு போச்சு, வேற ஒண்ணு’ என்று எழுதியிருக்கிறார்.